கை படாதது

அண்ணன் பசைக் குழாயை மேசைமேல் வைத்தான்.

"இனிமே இதுதான்."

அவள் நிமிரவில்லை. பழைய கேமராவிலிருந்து கழற்றிய முன்பக்கத் தோல் அவளுக்கு முன்னால் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் இரட்டைப் பக்க டேப்பை விரித்து, குமிழி நிற்காமல் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு லென்ஸ் வரும் வட்டத்தைக் கத்திமுனையால் வெட்டி எடுத்தாள்.

"காது கேக்குதா, டேப்பு?"

கடையில் அவளுக்கு அதுதான் பெயர். அண்ணன் வைத்தது.

"கேக்குது. பசை வேணாம்."

"ஏன் வேணாம்?"

"தோலுக்கு அடியில நாலு ஸ்க்ரூ இருக்கு. பசை அதுக்குள்ள எறங்கிக் கல்லாயிடும். அடுத்து தெறக்கறவன் தோலைக் கிழிச்சாத்தான் உண்டு."

"யாரும் தெறக்கக் கூடாதுன்னுதானே பசை?"

விஷயம் இதுதான். போன மாதம் ஒருவர் இங்கே வாங்கிய கேமராவை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டார். தோலின் ஒரு மூலை எழும்பியது. மனிதர் சும்மா இருக்காமல் இன்னும் கொஞ்சம் உரித்துப் பார்த்தார். கேமராவுக்கு அவருடைய அப்பாவின் வயது. உள்ளே இருந்த ஸ்க்ரூக்களோ நேற்று பிறந்தவை போலப் பளபளத்தன. கடைக்கு வந்து கத்தினார். அண்ணன் கேமராவோடு கொடுத்திருந்த அட்டையில் "கை படாதது" என்று எழுதியிருந்தது.

அலமாரியில் இருந்த எல்லாக் கேமராக்களின் முன்னாலும் அந்த அட்டை நின்றது. அண்ணனுக்குக் கையெழுத்து அழகு. அவை கடைக்கு வந்தபோது லென்ஸில் பூஞ்சை இருந்தது. ஷட்டர் துணி சல்லடையாக இருந்தது. அவள் பிரித்தாள், துடைத்தாள், துணி மாற்றினாள், ஓட வைத்தாள். ஓடியதும் அண்ணன் அட்டை எழுதினான்.

அவளும் அட்டையைப் படித்தவள்தான். வியாபாரப் பேச்சு என்று விட்டிருந்தாள். அட்டையைத் திருப்பி வைத்துவிடலாம். பசையைத் திருப்ப முடியாது.

"கை படாததுன்னா, அப்போ என் கை என்ன கை?"

"ஆரம்பிச்சுட்டா. அப்படி எழுதினாத்தான் வாங்குறாங்க. அம்மா வயித்துலேர்ந்து அப்படியே வந்த மாதிரி இருக்கணும் அவங்களுக்கு. சாயங்காலம் இத வாங்க நம்ம ரெண்டு கண்ணாடி சார் வர்றாரு. ஒட்டி வை."

"ஒட்டுறேன். டேப்புல."

"அப்படின்னா நாளைக்கு இந்த ஸ்டூல்ல நீ இல்ல. வேற ஆள் பாத்துக்கறேன்."

"ஸ்டூல் நான் வாங்கினது. வர்ற ஆளை நிக்க வச்சு வேலை வாங்கு."

அண்ணன் முன்கடைக்குப் போனான். அவள் டேப்பின் மறுபக்கக் காகிதத்தை உரித்தாள். தோலின் வட்டத்தை லென்ஸின் விளிம்போடு பொருத்தி, கீழே இறக்கி, உள்ளங்கையால் அமுக்கினாள். ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. பசைக் குழாயை மூடி திறக்காமலே குப்பைக்கூடையில் போட்டாள்.

ரெண்டு கண்ணாடி ஒரு கண்ணாடியை மூக்கிலும் ஒன்றை நெற்றியிலும் வைத்துக்கொண்டு வந்தார். கடையில் அவரைவிட அதிகம் வாங்கியவர் இல்லை. கேமராவைக் கையில் வாங்கி, பிலிம் சுற்றும் குமிழைத் திருகி, காதோரம் வைத்து ஷட்டரை அழுத்தினார்.

"ஆஹா. சத்தத்தைக் கேளுங்க. வெண்ணெய வெட்டுற மாதிரி. இப்பல்லாம் எவன் இப்படிச் செய்றான்?"

"நான்," என்றாள் அவள்.

அண்ணன் உரக்கச் சிரித்தான். "தங்கச்சிக்கு எப்பவும் விளையாட்டு சார்."

அவள் கையை நீட்டினாள். அவர் யோசிக்காமல் கேமராவைக் கொடுத்தார். தோலின் இடது மூலையில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். தோல் முறுகாமல் கிழியாமல் எழுந்து வந்தது.

"நாலும் புது ஸ்க்ரூ. உள்ள ரெண்டு ஷட்டர் துணியும் போன வாரம் மாத்தினது. நீங்க கேட்ட சத்தம் அந்தத் துணியோடது சார்."

அவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக் கண்ணாடிமேல் இறக்கிப் பார்த்தார்.

"கை படாததுன்னு அட்டையில..."

"அட்டை அண்ணன் வேலை. கேமரா என் வேலை."

அவள் கேமராவைத் திருப்பி நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு ரிப்பேர் பண்ணது வேணாம்மா. வீட்ல இருக்கற அஞ்சும் சுத்தமானது."

"அஞ்சும் இங்க வாங்கினதுதானே?"

"ஆமா."

"இதே மூலையில நகத்த வச்சுப் பாருங்க. பதமா தூக்கணும்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"கூடப் பொறந்தவளா நீ? இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"ஒட்டு எங்கயும் போகாது. உரிச்சா உரியும், அமுக்கினா ஒட்டும்." கேமராவின் தோலை இறக்கி அமுக்கினாள். ஒட்டியது. "தெரிஞ்சுதானே டேப்புன்னு பேர் வச்ச?"

மறுநாள் அண்ணன் வந்தபோது கடை திறந்திருந்தது. ஸ்டூல் அதன் இடத்தில் இருந்தது. அவள் அதன்மேல் இருந்தாள். அலமாரியில் ஒரு அட்டைகூட இல்லை. எல்லாம் அவனுடைய பேனாவுக்குப் பக்கத்தில் குப்புற அடுக்கியிருந்தன.

"நேத்து சொன்னது மறந்து போச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"வேற ஆள் வரட்டும். அதுவரைக்கும் வேலை கெடக்குல்ல?"

அவன் பதில் சொல்லுமுன் ரெண்டு கண்ணாடி உள்ளே வந்தார். கையில் துண்டில் சுற்றிய கேமரா. பிரித்தார். தோல் பாதி எழுந்து நின்றது. டேப்பில் துண்டின் பஞ்சு அப்பியிருந்தது.

"தூக்கிப் பாத்தேன். இப்ப ஒட்ட மாட்டேங்குது."

"தூசி உக்காந்துடுச்சு. இனி புது டேப்தான். மத்த நாலும்?"

"அதுலயும் புது ஸ்க்ரூதான்." அண்ணன் பக்கம் திரும்பினார். "அஞ்சையும் உம்ம மூஞ்சில எறியணும்னுதான்யா கெளம்பினேன்."

அண்ணன் ஒரு அடி பின்னால் போனான்.

"எறியுங்க சார்," என்றாள் அவள். "ஒடஞ்சா நான் பாத்துக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. கேமராவின் குமிழைத் திருகி ஷட்டரை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"நல்லா ஓடுதே. அதான் பிரச்சனை. குடுக்க மனசு வரல. ஒட்டிக் குடும்மா."

"ஒட்டித் தர்றேன். ஆனா அட்டை மாறணும்."

அடுக்கிலிருந்து மேல் அட்டையை எடுத்து, வெற்றுப் பக்கம் தெரிய அண்ணன் முன் தள்ளினாள்.

"எழுது. உன் கையெழுத்துதான் அழகா இருக்கும்."

ரெண்டு கண்ணாடி இரண்டு கண்ணாடி வழியாகவும் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பேனாவைத் திறந்தான். "கை பட்டது" என்று எழுதினான். முற்றுப்புள்ளியை அட்டை ஓட்டையாகும்படி குத்தினான்.

"யாரு கைன்னும் போடணுமா மகாராணிக்கு?"

அவள் பழைய டேப்பை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போடு," என்றாள்.