தம்பியைத் தவிர எல்லோருக்கும்

வகுப்பில் கற்பனைப் பார்வையாளர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இணையத்தில் எதைப் போட்டாலும் மனத்தில் யாரோ ஒருவரை வைத்துத்தான் போடுகிறோம், ஊருக்கே போடுகிறேன் என்பதெல்லாம் சும்மா என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நீங்க டெய்லி ஸ்டேட்டஸ் வைக்கிறீங்களே, அது யாருக்கு மேடம்?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

தம்பிக்குத்தான், வேறு யாருக்கு? அப்பா போனபின் வீட்டை விற்பதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சில் இரண்டு பேரும் வாயை விட்டுவிட்டோம். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. மாடியில் காயும் துணியையோ ஆறிப்போன காபியையோ படமெடுத்து வைப்பேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தவர்கள் வரிசையில் அவன் பெயர் வந்துவிடும். வீம்பு பிடித்த கழுதை, ஒரு வார்த்தை எழுத மாட்டான். ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்று போனைப் பெரிய திரையில் இணைத்து, ஒருவருக்கு மட்டும் ஸ்டேட்டஸ் தெரியாமல் செய்வது எப்படி என்று காட்டினேன். எந்நேரமும் தேடுகிற பெயர் என்பதால் விரல் தானாக அவன் பெயரில் போய் விழுந்தது. அதற்குள் யாரோ கேள்வி கேட்க, மணியும் அடிக்க, திருப்பி மாற்ற மறந்தே போனேன். பாடம் நடத்துகிற லட்சணம்!

அடுத்த நாளிலிருந்து அவன் பெயரைக் காணோம். உடம்பு முடியவில்லையோ, ஒரேயடியாக வெட்டிவிட்டானோ என்று அந்த வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். கூப்பிடலாம்தான். என் வீம்பு மட்டும் லேசா?

ஒரு மதியம் அவனே கூப்பிட்டான்.

"என்னைத் தூக்கிட்டியா?" எடுத்த எடுப்பிலேயே கேட்டான்.

"என்னடா சொல்ற?"

"அத்தை போன்ல உன் ஸ்டேட்டஸ் இருக்கு. என் போன்ல வரல. நான் ஒருத்தன்தான் வேண்டாதவனா போயிட்டேனா?"

அப்போதுதான் வகுப்பு நினைவுக்கு வந்தது. கடவுளே! ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். விளக்கினால் 'ஓ, சரி' என்று வைத்துவிடுவான். நாளையிலிருந்து மறுபடி வெறும் பெயர்தான் வரும்.

"ஆமா, தூக்கிட்டேன்," என்றேன். "பார்த்துட்டுப் பேசாம போறவனுக்கு எதுக்குக் காட்டணும்?"

போனில் அவனுக்குப் பின்னால், அவன் வேலை செய்கிற பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். வைத்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இருங்கண்ணே," என்றான் அங்கே. "அக்கா பேசுது."

இரும்பு அறுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. அவன் வெளியே நடந்துகொண்டிருந்தான்.