தொங்கும் பாய்லர்

காகித ஆலையில் இரண்டு பாய்லர்கள் இருந்தன. சின்னது லாரி அளவு. அதை ஓட்டியவர் அண்ணன். பெரியது ஆறு மாடி உயரம். அண்ணனிடம் இருந்த இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் சின்னதோடு சரி. பெரியதை இயக்க முதல் வகுப்பு வேண்டும். அந்தத் தேர்வுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் நேர்முகத் தேர்வில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து பாய்லரை ஓட்டிக்கொண்டிருந்த தங்கை எழுதினாள். தேறினாள். ஆலையில் வேலைக்குச் சேர்ந்ததும் பெரியது அவள் பொறுப்புக்கு வந்தது.

பழுதுபார்ப்பு முடிந்து அதை மறுபடி மூட்டும் நாள். அண்ணன் தன் இடத்தில் மாற்று ஆளை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

தங்கை அவசரப்படாமல் சூடேற்றினாள். மதியத்துக்குள், பாய்லரின் அடிப்பக்கச் சுவரில் பொருத்தியிருந்த சுட்டுமுள், பக்கத்து அளவுகோலில் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது.

"என்னம்மா இது, பாய்லர் கீழ இறங்குது?"

"சூட்டுல நீளுதுண்ணே. இது தரையில நிக்கல, மேல உத்தரத்துல தொங்குது."

"தொங்குதா? இம்புட்டும்?"

அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை.

பாதுகாப்பு வால்வைச் சோதிக்க ஆய்வாளர் வந்திருந்தார். அழுத்தம் ஏறியது. குறித்த அளவைத் தொட்டதும் மேலே வால்வு திறந்தது. வானமே கிழிந்தது போல ஓர் ஓசை. கம்பி நடைபாதை அதிர்ந்தது, நெஞ்சுக்கூடும் அதிர்ந்தது. மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மளமளவென்று ஏறியது.

அண்ணனின் கை பழக்கதோஷத்தில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"அண்ணே, கைய எடுங்க!"

அவள் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கை அந்தரத்தில் நின்றது.

"தண்ணி ஏறல. பால் மாதிரி பொங்குது. இப்ப பம்ப நிறுத்தினா, அடங்குறப்ப அடியில ஒண்ணும் இருக்காது."

வால்வு மூடியது. பொங்கிய மட்டம் கீழே சரிந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்ததால் அளவுக்கோட்டிலேயே நின்றது. ஆய்வாளர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் சுருங்கியிருந்தது.

தங்கை கண் கூசாமல் பார்ப்பதற்கான நீலக் கண்ணாடியை நீட்டினாள். "நெருப்ப பாக்குறீங்களா? பாக்குறதுக்கு லைசென்ஸ் வேணாம்."

உலைச் சுவரில் இருந்த பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். உள்ளே தரையும் இல்லை, கூரையும் இல்லை. சுவர் முழுக்கக் குழாய்கள். நடுவே நெருப்பு ஒரு நதியாகச் சுழன்று மேலே போனது. அவள் வந்து அவர் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தார்.

"யம்மாடி," என்றார்.

வெளியே வந்ததும் அண்ணிக்குப் போன் செய்தார்.

"மூட்டியாச்சு. ஆமா, நம்ம பாப்பாதான்... இல்லடி, நான் எதையும் தொடல. தொட விட்டாத்தானே!" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "நீயும் ஒரு நா வந்து பாக்கணும். அவகிட்ட கேட்டு வைக்கிறேன்."