லீமாக்காரி கட்டிய சுவர்

1

இந்தக் கதை ஓர் இலக்கணப் பிழையிலிருந்து பிறந்தது. பிழை செய்தவள் நேலிதா. பக்கத்தில் நின்று கேட்டவன் நான், மலை நகரமான குஸ்கோவின் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினாறு வருடமாகக் கணக்கு வாத்தியார். சுற்றுலாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்று எர்லிந்தா டீச்சர் என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

முதல் தொடக்கம்: "காலை ஒளியில் இன்காக்களின் கற்கள் பொன்னாக மின்—"

(பொய். தூறல். கற்கள் சாம்பல் நிறத்தில்தான் இருந்தன.)

2

நேலிதா கடற்கரைத் தலைநகரான லீமாவிலிருந்து வந்து இரண்டு மாதம். வகுப்பில் அவளுக்குப் பெயரே லீமாக்காரிதான். காலையில் குஸ்கோ தேவாலயங்களைப் பார்த்தபோதும் தனியாகத்தான் நடந்தாள். ஒயந்தாய்தம்போ என்ற இன்காக் கோட்டையின் சுவருக்கு முன்னால், எங்கள் மலை மொழியான கெச்சுவாவில் பேச அவளாகக் கை தூக்கியிருந்தாள். பத்து நாள் மனப்பாடம். பேசிவிட்டால் தன்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினாள்.

முதல் வரைவில் அவளை வீராங்கனையாக எழுதினேன். பிறகு உண்மை நினைவுக்கு வந்தது: மலை வளைவில் எர்லிந்தா டீச்சரின் தொப்பிக்குள் வாந்தி எடுத்தவள் அவள்.

3

சுவரின் முன் நின்று உரக்கச் சொன்னாள்: "இதை நாங்கள் கட்டினோம்!"

ஸ்பானிய மொழியில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். கெச்சுவாவில் தமிழைப் போலவே இரண்டு. பாவம், கேட்பவர்களை வெளியே தள்ளும் சொல்லை எடுத்துவிட்டாள்.

"அடேயப்பா!" என்றான் யூரி, வகுப்பின் வாயாடி. "லீமாவுலேர்ந்து பஸ் புடிச்சு வந்து கட்டினீங்களாக்கும்? அப்ப எங்க பாட்டன் பூட்டனெல்லாம் சோளம் தின்னுக்கிட்டு வேடிக்கை பாத்தாங்களா?"

வகுப்பே சிரித்தது. நேலிதாவின் முகம் சிவந்தது.

(இங்கே "எர்லிந்தா டீச்சர் அவளை அன்போடு அணைத்து" என்று எழுதி அடித்துவிட்டேன். டீச்சரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.)

4

அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆமாடா, நாங்கதான் கட்டினோம்," என்றாள் ஸ்பானிய மொழியில். "நீ கட்டியிருந்தா இந்நேரம் விழுந்திருக்கும்!"

ஒரே ஆரவாரம். யூரி விடுவானா? வழியில் கிடந்த பெருங்கல்லைக் காட்டினான். மேலே சுவருக்குப் போய்ச் சேராமல் பாதியில் நின்றுபோன இந்த மாதிரிக் கற்களைச் 'சோர்ந்த கற்கள்' என்போம்.

"அப்ப இத ஏன் பாதியில போட்டுட்டு ஓடினீங்க?"

"உன்ன மாதிரி சோம்பேறிங்களுக்கும் வேலை வேணாமா?"

யூரி வாய்விட்டுச் சிரித்தான். அவன் பேச்சில் தோற்று நான் இதற்கு முன் பார்த்ததில்லை, அதுவும் இவ்வளவு சந்தோஷமாக. வகுப்பு முழுவதும் கல்லைத் தள்ளிப்பார்க்க ஓடியது. நேலிதா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கல் அசைந்தே விட்டது. வெட்கமாக இருக்கிறது, மற்ற இரண்டையும் கேட்காதீர்கள்.

நடந்தது இதுதான். கல்லில் முதுகைக் கொடுத்தபடி யூரி அவளைப் பார்த்துக் கெச்சுவாவில் கத்தினான்: "இத இப்ப தள்ளப் போறது—"

நாமா, நாங்களா? அந்த வித்தியாசம் கெச்சுவாவில் சொல்லின் வாலில் இருக்கும். சரியாக அப்போது காவலாளி, "கல்லைத் தொடாதீங்க!" என்று விசில் ஊதிவிட்டார். வால் என் காதில் விழவில்லை.

அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: விசில் நிற்பதற்குள் நேலிதா ஓடிப்போய், அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, கல்லுக்குத் தோள் கொடுத்துவிட்டாள்.