நாம் டின் ஊரில் மதியத் தூக்கம்

இங்கே திருப்பூரில் காலை பத்தரை மணி, கம்பெனியில் டீ நேரம்; அங்கே நண்பகல். வியட்நாமின் நாம் டின் ஊர்த் தையல் ஆலையிலிருந்து, மதியத் தூக்க இடைவேளையில் என் கணவர் மாரிச்செல்வம் வழக்கம்போல் போனில் கிசுகிசுத்தார்.

"லைட்ட அணைச்சாச்சு நாகஜோதி. எல்லாரும் மெசினுக்கு அடியில அட்டைய விரிச்சுப் படுத்துட்டாவ. நானும் படுக்கேன்."

மறுபடி விளக்கு எரிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவரை அங்கே சூப்பர்வைசராக அனுப்பியவர் நானும் வேலை பார்க்கும் அருள்புரம் பனியன் கம்பெனியின் முதலாளி கிட்டுசாமி. துக்கம் கேட்க வந்தவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "தூக்கத்துலதானுங்க அம்மணி போயிருக்காப்ல. வேலைல போனாருன்னு ஊருக்குள்ள சொல்லாதீங்க. நம்ம திருப்பூர்ல எவனாச்சும் பட்டப்பகல்ல படுப்பானுங்களா?"

இத்தனை வருஷம் உழைத்தவரைச் செத்த பிறகு சோம்பேறியாக்கிவிட்டார்.

"நீங்க படுக்க விட்டியளா மொதலாளி?" என்றேன். "அந்த ஊர்க்காரன் மனுசன்னு நெனச்சு அவியளப் படுக்க விட்டான். நீங்க நின்னுகிட்டே சாவச் சொல்லுவிய."

"வாய் நீளுதுங்க அம்மணி" என்றபடி காரில் ஏறிப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அதே கம்பெனிக்கு, என் செக்கிங் மேசைக்குத் திரும்பினேன். வேறு போக்கிடம் இல்லை. அங்கே டீ குடிக்க விடுவது இன்றும் பத்து நிமிஷம்தான்.