எரிபெர்த்தோவின் பேனல்

அந்த வாரம் முழுக்க ஒடால்மிஸுக்கு ஏணி பிடிப்பதைத் தவிர வேறு பிழைப்பே இல்லாமல் போயிற்று. கணவன் நிவால்தோ கூரைமேல் ஏறி, ஒரு ஒயரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிவிட்டு, "இப்பப் போய்ப் பாரு" என்பான். இவள் உள்ளே ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரைப் பார்ப்பாள். கூரையிலிருக்கும் இரண்டு பெரிய சோலார் பேனல், ஒரு குட்டிப் பேனல், மூன்றின் மின்சாரமும் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் பேட்டரிக்குப் போயாக வேண்டும். பெட்டியில் நேற்றைய அதே சோப்ளாங்கி எண்தான் மின்னிக்கொண்டிருக்கும். அப்படியேதான் இருக்கிறது என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, அவன் இறங்குவதற்காக மறுபடி ஏணியிடம் வருவாள்.

சனிக்கிழமை மகள் யாய்லெனுக்குப் பதினைந்து நிறைகிறது. அவர்கள் ஊரான மனாத்தியில் பெண்ணுக்குப் பதினைந்து நிறைவதென்றால் கல்யாணத்துக்கு ஒரு படிதான் குறைச்சல். அதற்கென்றே கொல்லையில் ஒரு பன்றியை வளர்த்தார்கள். சனிக்கிழமைவரை அதை உயிரோடு விட்டுவைக்கவும் முடியவில்லை. தெருவெல்லாம் இருண்டு கிடக்கிற இந்த நாளில், கட்டிப்போட்ட பன்றி காலையில் கட்டிய இடத்தில் இருப்பதில்லை. எனவே ஞாயிறன்றே வெட்டிக் கறியை ஃப்ரீசரில் அடுக்கிவிட்டார்கள். அரசாங்கக் கரண்டு நினைத்தால் வரும், வந்த சூட்டோடு போய்விடும். அதை நம்பி யாரும் ஒரு முட்டைகூட வாங்கி வைப்பதில்லை. ஃப்ரீசர் நம்பியிருந்தது கூரையைத்தான்.

இதுவரை பாதி காலியான ஃப்ரீசரை எப்படியோ தாங்கிய கூரை, கறி நிறைந்ததும் கைவிரித்துவிட்டது. வெயில் கொளுத்துகிற மதியத்திலேயே இன்வெர்ட்டர் கீச்சுக்கீச்சென்று அழ ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை ஃப்ரீசருக்குள் கையை விட்டாள், பனிக்கட்டி வழவழத்தது. புதன்கிழமை அடியில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. யாய்லென் வந்து எட்டிப் பார்த்தாள், மூடியை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

நிவால்தோ சும்மா ஆளா? சர்க்கரை ஆலை மூடுகிறவரை அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஊரில் பாதி வீட்டு ஒயரில் அவன் கை பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவன் தன் வீட்டுக் கூரையில் தடுமாறினான். முதலில் தூசு என்று பேனல்களைத் துடைத்தான். பிறகு பேட்டரியைத் திட்டினான். அப்புறம் கன்ட்ரோலர் மட்டமான சரக்கு என்றான். கடைசியில் பக்கத்து வீட்டு மாமரம் நிழல் போடுகிறது என்றதும் மாமரத்துக்காரர் எவெலியோவுக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, என் மரத்து நிழல் காலையிலகூட உன் கோழிக்கூட்டைத் தாண்டி வருதா? அந்தக் குட்டிப் பேனலைக் கழட்டித் தூரப் போடு. பெரிசு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல அதையும் கோத்து வெச்சிருக்கியே, அது எவ்வளவு கரண்டு விடுதோ அவ்வளவுதான் மத்ததும் விடும். ரொட்டிக் கடையில கூப்பன் தேடிக்கிட்டு நிக்கிற கிழவன் மாதிரி, பின்னால எத்தனை பேர் நின்னு என்ன?"

நிவால்தோ காது கேளாதவன் மாதிரி ஒரு திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தான். ஒடால்மிஸ் அன்று மாலையே கேட்டாள், கழற்றித்தான் பார்க்கலாமே என்று. அதில் கோளாறு இல்லை என்று வெட்டிப் பேசிவிட்டுப் படுத்துக்கொண்டான். பெரிய பேனல்களில் ஒன்று அவள் தையல் மெஷினைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. அதை நினைத்தபோது அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை அவன் கேஸ் சிலிண்டர் வரிசைக்குப் போனான். இவள் ஏணியைச் சுவரில் சாய்த்தாள். பிடிக்க ஆளில்லாத ஏணி ஆடியது. ஆடட்டும் என்று ஏறினாள். இத்தனை நாளாகக் கீழே நின்று பார்த்ததில் எதை முதலில் அணைப்பது, எதைக் கழற்றுவது என்று மனப்பாடமாகியிருந்தது. கன்ட்ரோலருக்குப் போகும் சுவிட்சை ஏற்கெனவே இறக்கிவிட்டு வந்திருந்தாள். பேனல்கள்மேல் படுக்கை விரிப்புகளைப் போட்டு மூடினாள். குட்டிப் பேனலின் இரண்டு முனைகளையும் பிடுங்கிவிட்டு, பெரியது இரண்டையும் நேராகக் கோத்தாள். விரிப்புகளை உருவிக்கொண்டு கீழே வந்து சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் எண் ஏறிற்று, ஏறிக்கொண்டே போயிற்று. நேற்றைவிட மூன்று மடங்கு. சற்று நேரத்தில் ஃப்ரீசர் உறும ஆரம்பித்தது. அவள் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். அடியிலிருந்த விலாக்கறி ஏற்கெனவே நாறிப்போயிருந்தது. தொடைகள் இரண்டும் தப்பிவிட்டன.

நிவால்தோ வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தான். வாசலிலேயே அந்த உறுமல் அவன் காதில் விழுந்துவிட்டது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்து அவளும் தயாராக இருந்தாள். அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றான்.

குட்டிப் பேனல் கடல் தாண்டி டாம்பாவில் இருக்கும் அவன் தம்பி எரிபெர்த்தோ அனுப்பியது. அங்கே போன கையோடு ஹோட்டலில் தட்டுக் கழுவி, முதல் சம்பளத்தில் வாங்கி, யாரோ ஊருக்கு வருகிறவர் தலையில் கட்டி அனுப்பினான். அம்மாவை அடக்கம் செய்தபோதுகூட அவனால் வர முடியவில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்பான், என் பேனலில்தானே ஃப்ரீசர் ஓடுகிறது என்று. ஆமாம் என்று நிவால்தோ சொல்லியிருந்தான். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் அதை நடுவில் கோத்தே வைத்திருந்தானாம்.

ஒடால்மிஸ் மெதுவாகத்தான் பேசினாள்.

"அவன்கிட்டப் பொய் சொல்ல உனக்கு மனசு வரல. என்னை மட்டும் வாரம் பூரா வெயில்ல நிக்க வெச்சு, இப்பப் போய்ப் பாரு, இப்பப் போய்ப் பாருன்னு ஓட விட மனசு வந்துச்சு."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டாம்பாதான். பெண்ணுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தான் எரிபெர்த்தோ. வாழ்த்தி முடித்ததும் பழைய கேள்வி வந்தது. கறி கெடாமல் இருக்கிறதா, பேனல் நன்றாக வேலை செய்கிறதா, ஒரு தடவை காட்டேன் என்றான். நிவால்தோ போனைப் பிடித்தபடி கூரையைப் பார்த்தான்.

ஒடால்மிஸ் போனை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். தொங்கிய ஒயர்கள் தெரியாதபடி குட்டிப் பேனலின் முன்பக்கத்தை மட்டும் காட்டினாள். முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் அதைத் துடைக்கவும் செய்தாள்.

"பாத்துக்கோ, மினுமினுன்னு இருக்கு. உன் பேனல்லதான் கறியே பொழைச்சுக் கெடக்கு."

"நெஜமாவா அண்ணி?" அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "அண்ணன் எப்பக் கேட்டாலும் வெறும் ஆமாம்தான் சொல்லுவான். எனக்காகச் சொல்றானோன்னு நெனச்சுக்குவேன்."

"அவனுக்குப் பேசத் தெரியாது. நான் சொல்றேன்ல, நம்பு."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே பார்த்தாள். நிவால்தோ இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்குக் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

"விட்டுடாதே, கெட்டியாப் பிடி. வர்ற ஞாயித்துக்கிழமையும் நான் ஏறணும்" என்றாள்.