நாற்பது விமானங்களுக்குக் கைதட்டல்

...முட்டிக்குள் யாரோ கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி, நின்றாலும் வலி, மடக்கினாலும் வலி, காலையிலிருந்து மூன்று விமானம், விமானத்தின் வயிற்றுக்குள், சாமான் அறையில் நிமிர முடியாது, மண்டியிட்டுத்தான் பெட்டிகளை அடுக்க வேண்டும், பத்தொன்பது வருடம், கடவுள் முன்னால்கூட அவன் இவ்வளவு மண்டியிட்டதில்லை, இப்போது பார், சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் நிற்க வைத்துவிட்டார்கள், மேடையில் நிதி அதிகாரி, பின்னால் திரை, திரையில் ஏறிக்கொண்டே போகும் பச்சைக் கோடு. இதுவரை காணாத லாபமாம்... லாபம்தானே, அப்போ இன்றைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஆள், இதே கொட்டகை, அன்றைக்குக் கோடு சிவப்பு, கம்பெனி மூழ்குகிறது, சம்பளத்தில் கால்வாசியை விட்டுக்கொடுங்கள், லாபம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். முதல் கையெழுத்து யாருடையது? மேஸ்திரி என்று அவனைத்தான் முன்னால் தள்ளினார்கள், ஏன் போட்டான், அதிகாரி தோளில் கை போட்டாரே, அதற்காகவா... மச்சான் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றான், மனைவியின் தம்பி, அவனும் பெட்டி ஏற்றுகிறவன்தான், "மாமா, இவனுங்க கையில போனது திரும்பி வருமா? நான் போட மாட்டேன்." "டேய், நான் இருக்கேன்டா, வரலைன்னா என் சட்டையப் பிடி" என்று சொன்னது இதே வாய். அவனும் போட்டான், பதினாலு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். மச்சான் மகளின் நர்ஸ் படிப்பு அதில்தான் நின்றது, இப்போது துணிக்கடையில் பை கட்டுகிறாள், அவன் ஒரு நாளும் சட்டையைப் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் தேவலை...

லாபம் முழுவதும் முதலீட்டுக்குப் போகிறதாம், நாற்பது புது விமானம், படுத்துக்கொண்டே போகிற இருக்கைகள், திரையில் படம் வருகிறது, எல்லாம் மேல்தட்டுப் படம்தான், வயிற்றை யார் படம் எடுப்பார்கள், பின்னாலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவன் கிசுகிசுக்கிறான், "நாப்பதாம்ணே, முட்டிக்கு இப்பவே எண்ணெய் போட்டு வை." யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்கிறார் அதிகாரி. மச்சானின் பார்வை அவன் பிடரியில், திரும்பாமலே தெரிகிறது, அவன் கை மேலே போய்விட்டது. "சொல்லுங்க மேஸ்திரி, நம்ம வீட்டு ஆளு நீங்க." சார், அந்தப் பதினாலு மாசம்... ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், ஆனால் நாக்கு எடுத்தது வேறு: "சார், மண்டி போட... முட்டிக்கு ஒரு உறை கிடைச்சா..." அதிகாரி சிரித்துவிட்டார், "இதுக்கா இவ்வளவு தயக்கம்? நாளைக்கே எல்லாருக்கும்!" கொட்டகை கைதட்டியது, அவனும் தட்டினான், தட்டும்போது ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்ததே, அது எப்படி, என்ன ஜென்மம் இது...

கூட்டம் கலைந்தது. நான்காவது விமானம் வந்து நிற்கிறது. மச்சான் பக்கத்தில் வந்து, "நல்லதுதான் மாமா, முட்டி முக்கியம்" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டே ஏறிப்போனான், குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அவனுடைய பதினாலு மாதக் கால்வாசிச் சம்பளத்தைக் கம்பெனி தரப்போவதில்லை... நான் இருக்கேன்டா என்று கையெழுத்துப் போட வைத்த மாமன்தான் தர வேண்டும், இன்னும் தரவில்லை.