ஒற்றைக்கண் யப்பான்

தம்பிராசா என் ஒரே தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்குப் பயந்து எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையை விட்டு எல்லோரும் ஓடிய காலையில், மாற்றுடுப்புக்கூட எடுத்து வைக்காதவன், வற்றிக்கொண்டிருந்த குளத்தில் திலாப்பியா என்கிற யப்பான் மீன் ஒன்றைப் பிடித்து வாளியில் கொண்டுவந்தான். அதற்கு ஒரு கண் இல்லை. எங்கள் பக்கம் குடிதண்ணீர்க் கிணற்றில் ஒரு மீன் விடுவார்கள். தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பியை, அதுதான் கொசுப்புழுவை, தின்னும். யாராவது நஞ்சு கலந்தால் முதலில் செத்து மிதந்து காட்டும். ஒன்றுதான் விடவேண்டும், அதுவும் ஆணாக. சோடி சேர்ந்தால் பெருகிக் கிணறு நாறிவிடும்.

“தாடையைப் பாருங்கோ அக்கா, எவ்வளவு பெரிசு. ஆண்தான்,” என்று கிணற்றில் விட்டான். விலங்கியல் படிப்பிக்கிற எனக்கே பாடம். ஒற்றைக் கண்ணைக் கண்டதோடு சரி, நான் தாடையைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மீன் பார்க்க யாருக்கு மனம் வரும்?

“மாடு தரவையிலை கட்டிக் கிடக்கு. அவிட்டு விட்டிட்டு வாறன், நீங்கள் போங்கோ,” என்று மனைவி சறோஜினிதேவியையும் என்னையும் வள்ளத்துக்கு அனுப்பினான். வள்ளம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் யாருமில்லை.

மூன்று வருடம் கழித்து நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். கூரையில் பாதி ஓடு இல்லை. கதவுகள் எல்லாம் போயிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்த சறோ அப்படியே நின்றாள். உள்ளே குஞ்சும் குருமானுமாக மீன்கள்.

“அவர் ஒண்டைத்தானே மச்சாள் விட்டவர்?”

“ஓம்.”

“அப்ப சோடியை ஆர் கொண்டுவந்து விட்டது?”

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. தண்ணீர் அள்ளுகிற கிணற்றுத் துலா, கயிறு அறுந்து கிடந்தது, பட்டப்பகலில் கிறீச்சிடும். சறோ கைவேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுவாள். காற்று, காற்று என்று சொல்லி என் வாய் நொந்தது. குசினியில் தினமும் அவனுக்கென்று ஒரு பங்கு சோறு மூடியிருக்கும். செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையை அவனுக்குச் செய்யச் சொன்னால் காது கேளாதவள் மாதிரி இருப்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் எனக்கும் ஆசை இருந்தது. அவன் வந்திருக்கலாம், எங்கேயாவது உயிரோடு இருக்கலாம்.

ஒருநாள் காலை வாளியில் புதுக்கயிறு கட்டி இறக்கினேன். தண்ணீரோடு பெரிய மீனொன்று ஏறி வந்தது. ஒரு கண் இல்லை. தம்பி விட்ட அதே மீன். தாடை புடைத்திருந்தது, ஆனால் ஆணுக்கு வருகிற கறுப்பு உடம்பும் வெள்ளைத் தாடையும் இல்லை. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். கையில் தூக்கியதும் பயத்தில் வாயைத் திறந்து வாளிக்குள் கக்கியது. கடுகளவு குஞ்சுகள். யப்பான் தாய் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சையும் அங்கேயே வைத்துக் காக்கும். தம்பி பெரிய தாடை என்று கண்டது வாய் நிறைந்த முட்டையை. அந்த முட்டைகளிலிருந்துதான் இவ்வளவும். யாரும் வந்து சோடி விடவில்லை.

சறோ பின்னால் வந்து நின்றாள். “ஆணோ, பெண்ணோ?”

பாவம், ஆண் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன்.

“உள்ளதைச் சொல்லுங்கோ மச்சாள். அவர் திரும்பி வந்திருந்தா இந்த முத்தத்திலை நிண்டு என்னைக் கூப்பிட்டிருப்பார். ஓம் எண்டு சொல்ல நான் இல்லை. விட்டிட்டுப் போட்டாள் எண்டு நினைச்சிருப்பார். மீனைக் கண்ட நாளிலை இருந்து அந்தக் குரல்தான் எனக்குக் கேக்குது.”

வாளியைக் காட்டினேன். “பெண். முட்டையோடை விட்டிருக்கிறான். ஆரும் வரேல்லை, சறோ.”

“அப்ப அவர் வீட்டை வரேல்லை,” என்றாள். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஐயரிட்டை அந்தியேட்டிக்கு நாள் கேளுங்கோ,” என்றாள். அன்று மத்தியானம் அயர்ந்து தூங்கினாள். சோறு மூடி வைக்கவில்லை.

நான் மீனையும் குஞ்சுகளையும் கிணற்றில் விட்டேன். அது வாயைத் திறக்க, குஞ்சுகள் ஓடிப்போய் உள்ளே ஒளிந்தன.

துலா கிறீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தேன், பனையோலை ஒன்றும் அசையவில்லை.

“ஓம், தம்பி,” என்றேன்.